நகராட்சியிலிருந்து நாடாளுமன்றம் வரை: வல்லபபாய் படேல்

வடஇந்திய நகரங்களில் குப்பை வண்டியின் பக்கவாட்டிலும் தெருவிளக்குக் கம்பத்திலும் ‘நகர் நிகம்’ என்றோ ‘நகர் பாலிகா’ என்றோ எழுதியிருப்பதைக் காணலாம். முன்னதை மாநகராட்சி என்றும் பின்னதை நகராட்சி என்றும் தமிழில் வழங்குவர். குடிநீர் வழங்குதல், கழிவுநீரை அகற்றுதல், தெருக்களைத் தூய்மையாக வைத்திருத்தல், நோய் பரவாமல் தடுத்தல் போன்றவை இவ்வமைப்புகளின் கடமைகள். நகரம் பல வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வார்டு மக்களும் வாக்களித்துத் தங்களுக்கென ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பர். அவரே நகர்மன்ற உறுப்பினர். பேச்சு வழக்கில் கவுன்சிலர்.

மக்களாட்சியின் படிகளுள் இதுவே மிகத் தாழ்ந்த படி என்று பலர் எண்ணுவர். சாக்கடை அடைப்பையும் குழாய் உடைப்பையும் பற்றிப் பேசும் இடத்தில் பெரிய தலைவர்களுக்கு என்ன வேலை என்று தோன்றுவது இயல்பே. ஆயினும் 1920-களில் நாட்டின் முதன்மையான தலைவர்கள் பலர் நகராட்சி நாற்காலிகளில் அமர்ந்திருந்தனர். அலகாபாத் நகராட்சிக்கு ஜவாஹர்லால் நேருவும் பாட்னா நகராட்சிக்கு இராஜேந்திர பிரசாத்தும் தலைமை தாங்கினர். சித்தரஞ்சன் தாஸ் 1924-இல் கல்கத்தாவின் முதல் மேயரானார். அவருக்குக் கீழே தலைமை நிருவாக அலுவலராகப் பணியாற்றியவர் சுபாஷ் சந்திர போஸ். இவர்களுள் நேரு இரண்டாண்டுகளில் அப்பணியிலிருந்து விலகிவிட்டார். அகமதாபாத்தில் நகராட்சிப் பணியை நெடுங்காலம் விடாது பற்றியிருந்தவர் வல்லபபாய் படேல். பின்னாளில் அவர் நாட்டின் உள்துறை அமைச்சராகவும் துணைப் பிரதமராகவும் உயர்ந்தார். அவருடைய ஆட்சித் திறனின் வேர்களைத் தேடுவோர், அகமதாபாத் நகராட்சியின் பழைய கோப்புகளிலிருந்தே தொடங்க வேண்டும்.

வல்லபபாய் குஜராத்தின் நடியாத் என்னும் ஊரில் 1875-இல் பிறந்தார். அவருடைய குடும்பம் கரம்சத் என்னும் சிற்றூரைச் சேர்ந்த உழவர் குடும்பம். கோத்ரா, போர்சத் ஆகிய ஊர்களில் வழக்குரைஞராகத் தொழில் செய்து, இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெறுவதற்காகப் பணம் சேர்த்தார். பயணச் சீட்டும் வந்து சேர்ந்தது. அதில் ‘வி. ஜே. படேல்’ என்றிருந்தது. அண்ணன் விட்டல்பாய்க்கும் அதே முன்னெழுத்துகள். மூத்தவரான தாமே முதலில் செல்ல வேண்டும் என்று அண்ணன் விரும்பியபோது, தம்பி சீட்டை அவரிடம் கொடுத்துவிட்டார். தம்முடைய முறைக்கு அவர் 1910 வரை காத்திருக்க நேர்ந்தது. (அந்த அண்ணனும் பம்பாய் மாநகராட்சித் தலைவராக இருந்து, 1925-இல் மத்திய சட்டசபையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது இங்கு நினைக்கத் தக்கது.)

1913-இல் தாயகம் திரும்பிய வல்லபபாய் அகமதாபாத்தில் தொழில் தொடங்கினார். வருவாய் மிகுந்தது. மாலை நேரங்களில் குஜராத் கிளப்பில் சீட்டாடுவது அவருடைய வழக்கம். அரசியலில் அவருக்கு அப்போது பெரிய நாட்டமில்லை. அக்காலத்தில்தான் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி அந்நகரில் ஆசிரமம் அமைத்திருந்தார். ஒருநாள் அடிகள் கிளப்பில் உரையாற்ற வந்தார். கேட்கப் போகலாம் என்று எழுந்த நண்பர் கணேஷ் வாசுதேவ் மாவலங்கரை வல்லபபாய் கேலி செய்தார். கோதுமையில் கல் பொறுக்கத் தெரியுமா என்று அவர் கேட்பார், அதைக் கொண்டே நாட்டுக்கு விடுதலை வந்துவிடுமாம் என்பது அந்தக் கேலியின் பொருள்.

இவ்வாறு இருந்தவரை நகராட்சிக்குள் இழுத்தது ஓர் உள்ளூர்ச் சிக்கல். அகமதாபாத் அப்போது இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த பஞ்சாலை நகரம். பழைய கோட்டைச் சுவருக்குள் ‘போள்’ எனப்படும் குறுகிய சந்துகளில் வீடுகள் நெருக்கமாக அமைந்திருந்தன. ரண்சோட்லால் சோட்டாலால் என்னும் ஆலை அதிபர் நகராட்சித் தலைவராக இருந்த காலத்திலேயே, பலருடைய எதிர்ப்புக்கிடையே, குழாய்க் குடிநீரும் நிலத்தடிச் சாக்கடையும் அங்கே கொண்டுவரப்பட்டிருந்தன. ஆலைகள் பெருகப் பெருக மக்களும் பெருகினர். பழைய குழாய்களும் சாக்கடைகளும் போதவில்லை. இந்நிலையில் ஆங்கில அரசு ஐ.சி.எஸ். அதிகாரி ஒருவரை நகராட்சி ஆணையராக அமர்த்தியது. ஐ.சி.எஸ். என்பது அன்றைய இந்திய ஆட்சியின் மிக உயர்ந்த அதிகாரி வகுப்பு. அவர்களை எதிர்த்துப் பேசப் பெரும்பாலோர் அஞ்சினர். மன்றத்தின் முடிவுகளை அந்த ஆணையர் பொருட்படுத்தவில்லை. அவருக்கு எதிரே நிமிர்ந்து பேசக்கூடிய ஒருவர் மன்றத்தில் வேண்டும் என்று நகரத்தார் சிலர் கருதினர். நீதிமன்றத்தில் எவருக்கும் அஞ்சாத பாரிஸ்டர் படேலை அவர்கள் அணுகினர்.

1917-இல், தம் 41-ஆம் வயதில், தரியாபூர்ப் பகுதியிலிருந்து வல்லபபாய் நகர்மன்ற உறுப்பினரானார். அன்று எல்லாருக்கும் வாக்குரிமை இல்லை. வரி செலுத்தும் அளவுக்குச் சொத்து உடையவர்கள் மட்டுமே வாக்களித்தனர். ஆலைத் தொழிலாளர் பெரும்பாலோர் வாக்காளர் பட்டியலில் இடம்பெறவில்லை.

மன்றத்தில் நுழைந்தவுடன் அவர் மேடைப் பேச்சில் இறங்கவில்லை, கோப்புகளைப் படித்தார். ஆணையர் எந்த நாளில் எந்த உத்தரவை இட்டார், மன்றத்தின் எந்தத் தீர்மானத்தை மீறினார் என்பவற்றை வழக்குக்குச் சான்று திரட்டுவது போலத் திரட்டினார். அவற்றை மன்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்தார். ஆணையர்மீது தீர்மானம் நிறைவேறியது. அரசு அவரை அங்கிருந்து மாற்றியது. ஐ.சி.எஸ். அதிகாரி ஒருவரை நகர்மன்றம் அசைத்துவிட்டது என்ற செய்தி நகரத்தாருக்குப் பெருவியப்பாக இருந்தது.

அதே 1917-இல் அகமதாபாத்தில் பிளேக் நோய் பரவியது. எலிகளிலிருந்து தெள்ளுப்பூச்சிகள் வழியாக மனிதருக்குத் தொற்றும் கொடிய நோய் அது. வசதியுள்ளவர்கள் நகரைவிட்டு வெளியேறினர். நீதிமன்றமும் பள்ளிகளும் மூடப்பட்டன. சுகாதாரக் குழுவின் தலைவராக இருந்த வல்லபபாய் நகரிலேயே தங்கினார். சாக்கடை தூர்வாரும் இடத்திலும் மருந்து தெளிக்கும் சந்திலும் நேரில் நின்றார். அதிகாரிகளை ஏவிவிட்டு அறிக்கைக்காகக் காத்திருக்கும் பழக்கம் அவரிடம் அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

அவ்வாண்டின் இறுதியில் கோத்ராவில் நடைபெற்ற குஜராத் அரசியல் மாநாட்டுக்குப் பின் அவர் காந்தியடிகளுடன் இணைந்தார். 1918-இல் விளைச்சல் பொய்த்த கேடா மாவட்டத்தில் வரிகொடா இயக்கத்தை நடத்தினார். மேனாட்டு உடையைக் களைந்து கதர் உடுத்தினார். வருவாய் தந்த வழக்குரைஞர் தொழிலையும் விட்டார். நகராட்சியை மட்டும் விடவில்லை.

ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியபோது நகராட்சியில் இருப்பதே ஒரு சிக்கலாயிற்று. அரசுடன் ஒத்துழைக்காதவர்கள், அரசின் சட்டப்படி இயங்கும் நகராட்சியை எவ்வாறு நடத்துவது? அகமதாபாத் உறுப்பினர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். தொடக்கப் பள்ளிகள் நகராட்சியின் பொறுப்பில் இருந்தன. அப்பள்ளிகளுக்கு அரசு தரும் மானியம் வேண்டாம், அரசு ஆய்வாளர்களின் மேற்பார்வையும் வேண்டாம் என்று நகர்மன்றம் முடிவெடுத்தது. எங்கள் நகரத்தார் வரிப்பணத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு நாங்களே கற்பிப்போம் என்பது அதன் பொருள். ஆய்வுக்கு வந்த அதிகாரிகளுக்குப் பள்ளிகளில் ஒத்துழைப்புக் கிட்டவில்லை. எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. சட்ட விதிகளைச் சுட்டிக்காட்டி வல்லபபாய் அவற்றுக்கு மறுமொழி எழுதினார். இறுதியில் 1922 பிப்ரவரியில் அரசு நகர்மன்றத்தை நீக்கிவிட்டுத் தானே ஒரு குழுவை அமர்த்தியது. தேர்ந்தெடுத்தவர்கள் நகரத்தார்; நீக்கியது அரசு. உடனே மக்களிடம் நன்கொடை திரட்டித் தனியாகத் தேசியப் பள்ளிகள் நடத்தப்பட்டன. பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை அங்கே அனுப்பினர்.

1924-இல் மீண்டும் தேர்தல் நடந்தது. வல்லபபாயின் அணி வென்றது. அவரே நகராட்சித் தலைவரானார். 1928 வரை நான்காண்டுகள் அப்பதவியில் இருந்தார். இந்நான்காண்டுகளில் அவர் செய்தவை கதை சொல்வதற்கு ஏற்றவை அல்ல. சாக்கடை வலையை விரித்தல், குடிநீர் வழங்கலைப் பெருக்குதல், கோட்டைச் சுவருக்கு வெளியே புதிய குடியிருப்புகளுக்குத் திட்டமிடல், வரிநிலுவையைத் தண்டுதல் ஆகியவை எந்தக் காலத்திலும் கைத்தட்டல் பெறாத வேலைகள். வரி கேட்பவரை யாரும் விரும்புவதில்லை. ஆனால் வரியின்றிக் குழாயில் நீர் வராது என்பதைச் செல்வர்களிடமும் சொல்லத் தயங்காதவராக அவர் இருந்தார்.

1927 ஜூலை இறுதியில் குஜராத்தில் இடைவிடாத மழை கொட்டியது. நகரில் வெள்ளம் ஏறுவதை அறிந்த வல்லபபாய் இரவிலேயே மழையில் நனைந்தபடி புறப்பட்டார். நகராட்சிப் பொறியாளரை எழுப்பி அழைத்துச் சென்று, நீர் தேங்கிய இடங்களைப் பார்த்து, தடைகளை உடைத்து வடியச் செய்தார். எந்தச் சந்தின் நீர் எந்தக் கால்வாயில் சேரும் என்பது பத்தாண்டுப் பழக்கத்தால் அவருக்குத் தெரிந்திருந்தது. நகரில் வெள்ளம் வடிந்ததும் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குத் தொண்டர்களை அனுப்பினார். உணவு, விதை, வீடு கட்டப் பொருள் ஆகியவற்றைக் கணக்கோடு பங்கிட ஏற்பாடு செய்தார்.

அடுத்த ஆண்டு பர்தோலி வட்டத்து உழவர்கள் அவரை நாடி வந்தனர். அங்கே நிலவரி 22 விழுக்காடு உயர்த்தப்பட்டிருந்தது. வல்லபபாய் பர்தோலிக்குச் சென்றார். பர்தோலிப் போராட்டத்தின் வீரம் பல நூல்களில் பேசப்படுகிறது. அதன் நிருவாகம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வட்டம் முழுவதும் முகாம்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு பொறுப்பாளர் இருந்தார். அன்றாடச் செய்தித்தாள் அச்சாகி ஊர்தோறும் சென்றது. நகரத்தை வார்டு வார்டாகப் பார்த்துப் பழகியவரின் கைத்திறம் அதில் தெரிகிறது. அரசு இறங்கி வந்து விசாரணைக்கு ஒப்புக்கொண்டது. வரி உயர்வு ஏறத்தாழ 6 விழுக்காடாகக் குறைந்தது. ‘சர்தார்’, அதாவது தலைவர், என்னும் பெயர் அங்கேதான் அவரோடு ஒட்டிக்கொண்டது.

இதன்பின் வந்த ஆண்டுகள் சிறையிலும் கட்சிப் பணியிலும் கழிந்தன. 1931-இல் கராச்சி காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். 1937 தேர்தலின்போது காங்கிரசின் நாடாளுமன்றக் குழுத் தலைவராக இருந்து, மாகாணந்தோறும் வேட்பாளர்களைத் தெரிவு செய்யும் பொறுப்பை ஏற்றார். தாம் எங்கும் போட்டியிடவில்லை. பிறரைச் சட்டமன்றங்களுக்கு அனுப்பியவர் தாம் வெளியிலேயே நின்றார்.

1946-இல் அவர் தில்லியில் அமைந்த இடைக்கால அரசில் உள்துறைப் பொறுப்பை ஏற்றார்; அரசமைப்பு அவையிலும் உறுப்பினரானார். இந்த அவையைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். இந்தியாவுக்கான அரசமைப்புச் சட்டத்தை எழுதுவதற்காக மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டது அது. நாடு விடுதலை பெற்றபின் சட்டம் இயற்றும் நாடாளுமன்றமாகவும் அதுவே செயற்பட்டது. 1950 சனவரி 26 முதல் தற்காலிக நாடாளுமன்றம் என்று பெயர் பெற்றது. இன்று ‘சம்விதான் சதன்’ என வழங்கும் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில்தான் அது கூடியது.

ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சுதேச சமஸ்தானங்களைப் படேல் இந்தியாவுடன் இணைத்தது யாவரும் அறிந்த வரலாறு. அவ்வளவாக அறியப்படாத ஒரு நிகழ்ச்சி 1949 அக்டோபர் 10 அன்று அரசமைப்பு அவையில் நடந்தது. ஆங்கிலேயர் காலத்து ஐ.சி.எஸ். அதிகாரிகளின் ஊதியத்துக்கும் பணி உரிமைகளுக்கும் அரசமைப்பிலேயே உறுதி அளிப்பதா என்ற விவாதம் எழுந்தது. உறுப்பினர்கள் சிலர் சினங்கொண்டனர். நேற்றுவரை நம்மைச் சிறையில் அடைத்தவர்களுக்கு இன்று நாமே பாதுகாப்புத் தருவதா என்ற அவர்களுடைய வினாவில் நியாயம் இல்லாமலில்லை. மறுமொழி கூற எழுந்தவர் படேல். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐ.சி.எஸ். ஆணையரை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றச் செய்த அதே மனிதர், அன்று அந்த அதிகாரிகளுக்காக வாதாடினார். பிரிவினையின் கொந்தளிப்பில் நாட்டைத் தாங்கியவர்களுள் அவர்களும் உண்டு என்றார். அமைச்சருக்குப் பிடிக்காத கருத்தையும் அச்சமின்றிச் சொல்லக்கூடிய அதிகாரிகள் இல்லாவிட்டால் ஒன்றியம் நிலைக்காது என்றும், கொடுத்த வாக்கை மீறுவது தகாது என்றும் அவர் எடுத்துரைத்தார். அவையும் அதை ஏற்றது. இந்திய ஆட்சிப் பணிக்கும் இந்தியக் காவல் பணிக்கும் அரசமைப்பின் 312-ஆம் பிரிவில் இடம் கிடைத்தது.

இது முரண்பாடு போலத் தோன்றும். நகராட்சி அனுபவத்தை நோக்கினால் அவ்வாறு தோன்றாது. மன்றத்தை மதிக்காத அதிகாரியால் வரும் கேட்டையும், நள்ளிரவு மழையில் உடன் வரும் பொறியாளரின் அருமையையும் அகமதாபாத்தில் அவர் ஒருசேரக் கண்டிருந்தார்.

எனினும் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நகராட்சிகளில் பயின்ற தலைவர்கள் பலர் அமர்ந்திருந்த அந்த அவை, நகராட்சிகளுக்கு அரசமைப்பில் உறுதியான இடம் எதையும் தரவில்லை. கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு முயல வேண்டும் என்ற நெறியோடு நிறுத்திக்கொண்டது. 1922-இல் ஆங்கில அரசு செய்தது போலவே விடுதலைக்குப் பிறகும் பல மாநில அரசுகள் நகர்மன்றங்களைக் கலைத்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தாமல் இருந்தன. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தமே இதனை மாற்றியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், கலைத்தால் ஆறு மாதங்களுக்குள் மறுதேர்தல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் ஆகியவை அதனால் கட்டாயமாயின. இப்போது 21 வயது நிரம்பியவர் நகர்மன்றத்துக்குப் போட்டியிடலாம். மக்களவைக்கு 25 வயதும் மாநிலங்களவைக்கு 30 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். மாநகராட்சிகளில் மேயருக்கும் அரசு அமர்த்தும் ஆணையருக்கும் இடையே அதிகாரம் யாருக்கு என்ற பூசல் மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை.

1950 டிசம்பர் 15 அன்று படேல் பம்பாயில் காலமானார். எல்லா மக்களும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரில்தான் தொடங்கியது. ஆகவே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மக்களவையில் அவர் ஒருநாளும் அமரவில்லை. நாட்டு மன்றத்தின் வாயிலைத் திறந்துவைக்கும் பணியில் பங்கு கொண்டவர், அது முழுமையாகத் திறக்குமுன் மறைந்தார்.

அவருக்குப்பின் உள்துறையை ஏற்றவர் இராஜாஜி. படேல் தரியாபூரில் வென்ற அதே 1917-ஆம் ஆண்டில் சேலம் நகராட்சியின் தலைவரானவர் அவர். கேடா மாவட்டத் தொகுதி ஒன்றிலிருந்து படேலின் மகள் மணிபென் முதல் மக்களவைக்குச் சென்றார். குஜராத் கிளப்பில் படேலின் கேலிக்கு ஆளான மாவலங்கரும் 1919 முதல் 1937 வரை அகமதாபாத் நகர்மன்றத்தில் பணியாற்றி, அதன் தலைவராகவும் இருந்திருந்தார். அகமதாபாத் தொகுதியில் வென்ற அவரை 1952 மே 15 அன்று மக்களவை தன் முதல் சபாநாயகராகத் தேர்ந்தெடுத்தது.